மௌனத்தில் ஒளிந்த ளகரம்

அத்தியாயம் 7

"பேரு சொல்லுங்கம்மா, பேட்ஜ் எழுதித் தரேன்" என்றார் பதிவு மேசையில் இருந்த பெரியவர்.

மூத்தவள் வாயைத் திறந்தாள். சொந்தப் பெயர் சட்டென்று நாக்கில் வரவில்லை. ஐந்து நாளாக அந்த வாய் தங்கையின் பெயரைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை.

"அக்கான்னு எழுதுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "எங்க கோஷ்டியில எல்லாருக்கும் பட்டப்பேருதான். அவரு ஒற்று. நான் கியர். அடையாள அட்டையில வேற பேரு இருக்கு, அது எங்களுக்கே மறந்து போச்சு."

கியர் பதினேழு வருடம் டாக்ஸி ஓட்டியவள். வண்டி நின்றாலும் வாய் நியூட்ரலுக்கு வராது என்பதால் அந்தப் பெயர். ஒற்று அவளுடைய முதலாளி. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பத்திரிகையை இழுத்து மூடியதும், அச்சில் வரும் பிழைகளை விட்டுவிட்டு மனிதர்கள் செய்யும் பிழைகளைத் தேடக் கிளம்பினார். துப்பறிகிறவனுக்கும் பழைய தமிழில் கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

பெரியவர் மூன்று அட்டைகளையும் எழுதி நாடாவில் கோத்து நீட்டினார்.

நூலகக் கட்டடத்தின் இரண்டாவது மாடி அது. நீள நீள மேசைகள், மேசைக்கு ஏழெட்டு லேப்டாப்புகள், தரையெங்கும் பாம்பு பாம்பாக வயர்கள். வெப்சைட் செய்கிறவர்களின் வருடாந்தரச் சந்திப்பு. அத்தனை பேரும் பயன்படுத்துவது ஒரே மென்பொருள். அதற்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், ஓட்டை இருந்தால் அடைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்று புள்ளி சொல்லி மூத்தவள் கேட்டிருக்கிறாள். கேட்டதோடு சரி.

புள்ளி என்பது தங்கை. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். இப்போது முப்பத்திரண்டு வயது. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டே ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வெப்சைட் வடிவமைத்துக் கொடுப்பாள். வெளியே தனியாகப் போகமாட்டாள். போக மூத்தவள் விட்டதில்லை. ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. ஒரு வேளை மாத்திரை தப்பினாலே நின்ற இடத்தில் விழுவாள்.

அந்த மாத்திரைகள் ஐந்து நாளாக அலமாரியில் பிரிக்காமல் கிடந்து, இன்று மூத்தவளின் பையில் இருந்தன.

மூத்தவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். ஐந்து நாளுக்கு முன்பு மதியம் கடையிலிருந்து வந்தபோது பின்னறை காலி. மறுநாள் காலை பதினொன்று நாற்பதுக்குப் புள்ளியின் சொந்த வெப்சைட்டில் மூன்று வரி வந்தது. 'நான் நலம். சில நாட்கள் மௌனமாக இருக்க விரும்புகிறேன். என்னைத் தேட வேண்டாம்.' போலீஸ் ஸ்டேஷனில் அதைப் படித்தவர், "அவங்களே எழுதிட்டாங்களேம்மா, சின்னப் பிள்ளையா?" என்று நோட்டை மூடிவிட்டார். மூத்தவள் படித்தபோது அது வேறு மாதிரி ஒலித்தது. கிணற்று மேடையில் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தது போல இருந்தது.

கணவரை ஆஸ்பத்திரிகளைப் பார்க்கச் சொன்னாள். அவருக்குக் கோர்ட்டில் வேலை. லீவு போட்டுவிட்டுத் தினமும் காலையில் கிளம்பிப் போனார். அவள் ஒற்றுவிடம் வந்தாள்.

ஹாலின் வெள்ளைப் பலகையில் இன்றைய நிகழ்ச்சிகள் எழுதியிருந்தன. '3.00 - புள்ளி - கண் டெஸ்ட்'. அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள் மூத்தவள். மூன்று மணிக்கு வந்துவிடுவாளோ என்று ஒரு நப்பாசை. மூன்று மணிக்கும் வராவிட்டால் என்ன செய்வது என்பதை அவள் யோசிக்கவில்லை.

சந்திப்பை நடத்துகிறவர் ஓடி வந்தார். நெஞ்சுவரை தாடி. எல்லோரும் அவரைத் தாடி என்றே கூப்பிட்டார்கள். "புள்ளி பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்" என்றார் ஒற்று. "உங்க மெஷினைக் கொஞ்சம் திறங்க. புள்ளியோட வெப்சைட்டுக்குப் போங்க. தேடற கட்டத்துல மௌனம்னு அடிங்க."

தாடி அடித்தார். 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது திரை.

"இப்ப அந்த மூணு வரியைத் திறங்க."

திறந்தார். மௌனமாக என்ற சொல் நடுவரியில் தெளிவாக இருந்தது.

"கண்ணு முன்னாடி இருக்கு, தேடினா இல்லைங்குது" என்றாள் கியர். "என் முன்னாள் வீட்டுக்காரர் மாதிரி."

ஒற்று சிரிக்கவில்லை. "காலையில நாலு மணிநேரம் இதையேதான் பார்த்துட்டிருந்தேன். மௌ-வுக்குப் பக்கத்துல கர்சரை வச்சு, அழிக்கிற பட்டனை ஒரே ஒரு தடவை தட்டுங்க."

தாடி அந்த வரியைப் படியெடுத்து வைத்துக்கொண்டு தட்டினார். மௌ போய் மெ நின்றது.

"இப்ப நீங்களே புதுசா மௌ-னு அடிச்சுட்டு அதே மாதிரி தட்டுங்க."

தட்டினார். இந்த முறை வெறும் ம மட்டும் நின்றது.

தாடியின் முகம் மாறியது. "ஐயோ. இது..." என்று வேறொரு கோப்பைத் திறந்தார். "அவங்க இன்னிக்குப் பேச இருந்ததே இதைப் பத்திதான் சார். படங்களெல்லாம் போன வாரமே அனுப்பிட்டாங்க."

முதல் படத்தைப் பார்த்ததும் மூத்தவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். அவள் கடைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை. பெரிய எழுத்து மேலே, சின்னது கீழே. கடைசி இரண்டு வரியை மட்டும் புள்ளி மாற்றியிருந்தாள். இரண்டிலும் மௌனம் என்றே இருந்தது. அதன் அடியில்: 'வித்தியாசம் தெரிகிறதா? என் அக்காவுக்கும் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டவள் அவள்.'

மூத்தவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தெரியவில்லைதான்.

"ஒண்ணு உண்மையான ஔகாரம்" என்றார் ஒற்று. "இன்னொண்ணு ம-வுக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்துல ள-வைக் கொண்டுவந்து நிறுத்தினது. மனுசக் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. மெஷினுக்கு ரெண்டும் வேற வேற சொல். அதனாலதான் தேடினா வரல."

"இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சுத் தானாகத் திருத்த ஒரு ப்ளகின் எழுதிட்டிருந்தாங்க" என்றார் தாடி. "வெப்சைட்டுல சொருகிட்டா போதும், வேலை செய்யும். எட்டு மாசம் உட்கார்ந்தாங்க."

"எட்டு மாசம் இந்த ஒரு தப்போட மல்லுக்கட்டினவ, தன் கடைசி..." ஒற்று நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தியும் பயனில்லை. கடைசி என்ற சொல் மூத்தவளின் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

"சொல்லுங்க சார்" என்றாள். "அந்த மூணு வரியை என் தங்கச்சி எழுதல. அதானே?"

"அவ எழுதல. அவ பாஸ்வேர்டு தெரிஞ்ச வேற யாரோ எழுதியிருக்காங்க."

பக்கத்து மேசையில் பட்டனுக்குப் பச்சை நல்லதா நீலம் நல்லதா என்று நாலு பேர் தீவிரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒருவர். அந்த யாரோ அவளை என்ன செய்து வைத்திருக்கிறார்? மாத்திரை இல்லாமல் ஐந்து நாள். விழும்போது தலையைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்பதாவது அந்த ஆளுக்குத் தெரியுமா?

"அந்த ப்ளகின் எங்க இருக்கு?" என்று கேட்டார் ஒற்று.

"எல்லாரும் பார்க்கற மாதிரி பொதுவுலதான் இருக்கு. அதானே எங்க வழக்கம்."

"அதை உங்க சந்திப்போட வெப்சைட்டுல ஓட விடுங்க. ஆனா திருத்தச் சொல்லாதீங்க. இந்தத் தப்பைச் செய்யறவங்க யாருன்னு பட்டியல் மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

தாடி இரண்டு பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். காணாமல் போனவளின் கருவியைக் கொண்டே அவளைத் தேடுகிறோம் என்று தெரிந்ததும் பச்சை-நீலச் சண்டைக்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள். மூன்று வருடத்துப் பேச்சுகள், கேள்விகள், பதில்கள் எல்லாவற்றையும் ப்ளகின் சல்லடை போட்டுச் சலித்தது. கௌரவம், சௌகரியம், பௌர்ணமி என்று இருநூற்றுப் பன்னிரண்டு இடம் அகப்பட்டது. எழுதியவர்கள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்.

"டைப்பு ஐயா" என்றார் தாடி, நம்பாமல். "பதிவு மேசை. போன மாசம் புள்ளி வீட்டுக்குப் போய், அவங்க பக்கத்துலயே உட்கார்ந்து வெப்சைட்டு வேலை கத்துக்கிட்டாரு."

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பதிவு மேசை நாற்காலி காலியாக இருந்தது.

மூத்தவள்தான் முதலில் ஓடினாள். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்றது. அதை விட்டுவிட்டே ஓடினாள். வாசல் காவலாளி, "பெரியவரா? அச்சகத்துப் பக்கம் போனாரு" என்று கை காட்டினார். கியர் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். "மெதுவாக்கா. எழுபது வயசு ஆளைப் பிடிக்க ரெண்டாவது கியரே போதும்."

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அச்சகம். காகிதம் வெட்டும் இயந்திரம் தடக் தடக்கென்று இறங்கிக்கொண்டிருந்தது. டைப்பு ஐயா கையில் சான்றிதழ்க் கட்டோடு நின்றிருந்தார். மூத்தவள் போன வேகத்தில் அவருடைய சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"என் தங்கச்சி எங்க?"

பெரியவர் திகைத்துப்போனார். கட்டு கைநழுவித் தரையெல்லாம் சான்றிதழாகச் சிதறியது.

"உயிரோட இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் போகமாட்டேன். மாத்திரை கொண்டுவந்திருக்கேன். குடுத்துட்டுப் போயிடறேன்." பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து அவர் கையில் திணிக்கப் பார்த்தாள்.



"அம்மா, எனக்கு ஒண்ணும் புரியலையேம்மா" என்றார் பெரியவர்.

ஒற்று மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொல்லி, அந்த மூன்று வரியைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இது எந்த நாளு, எத்தனை மணிக்கு வந்தது?"

ஒற்று சொன்னார்.

"அந்த நேரத்துல நான் நூலகத்துல நாற்பது பேருக்கு வகுப்பு எடுத்துட்டிருந்தேன். பத்துலேருந்து ஒரு மணி வரைக்கும். திரை போட்டு, எல்லாரும் பார்க்க நானே தட்டிக் காட்டினேன். வீடியோ இருக்கு, தாடியைக் கேளுங்க."

ஒற்று போன் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகப் போனைப் பைக்குள் வைத்தார். அவர் தோள்கள் இறங்கியதைப் பார்த்தே மூத்தவளுக்குப் புரிந்தது.

"ஏன் சார் இப்படித் தட்டறீங்க, ள-வைப் போட்டு?" என்று கேட்டாள் கியர். "உங்களால எழுபது வயசு மனுசனைத் துரத்தின பாவம் எனக்கு."

"நான் டைப்ரைட்டிங் வாத்தியாரும்மா. அந்தப் பழைய மெஷின்ல ஔகாரத்துக்குன்னு தனிச் சாவி கிடையாது. கொம்பு, எழுத்து, ள. அவ்வளவுதான். முப்பது வருஷம் கை அப்படியே பழகிடுச்சு." பெரியவர் குனிந்து சான்றிதழ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். "நான் மட்டுமா? அதுல கத்துக்கிட்ட எல்லாரும் இப்படித்தான். பத்திரம் எழுதற இடம், பதிவு ஆபீஸ், கோர்ட்டு, எங்க போனாலும் இந்தக் கைங்க இருக்கு. எத்தனை பேரைப் பிடிப்பீங்க?"

வழி அங்கேயே அடைத்துக்கொண்டது. ஒற்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். கியர் தரையில் உட்கார்ந்து பெரியவருக்கு உதவியாகக் காகிதம் பொறுக்கினாள்.

மூத்தவளின் காதில் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. கோர்ட்டு.

அவள் கணவர் கோர்ட்டில் தட்டச்சர்.

போனை எடுத்தாள். அரைமணி முன்பு அவர் அனுப்பிய செய்தி இருந்தது. மனைவிக்கு எழுதினாலும் மனு எழுதுகிற பாஷைதான் அவருக்கு. 'ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் உள்ளேன். வேறு விசேஷம் இல்லை. சௌகரியம்போல் மதிய உணவு உட்கொள்ளவும்.'

சௌகரியம்.

யாரும் பார்க்காதபடி வெட்டும் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். செய்தியைப் படியெடுத்தாள். சௌ-வுக்குப் பக்கத்தில் கர்சரை வைக்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. பதினாறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர். புள்ளி விழும்போதெல்லாம் இவளுக்கு முன்னால் ஓடிப்போய்த் தலையைத் தாங்குகிறவர். ச மட்டும் நின்றால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஒரு முறை தட்டினாள்.

செ நின்றது.

என்னென்னவோ தோன்றியது. அண்ணன் ஸ்தானத்தில் இருக்கிறவர் என்று நம்பி இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டுத் தினம் கடைக்குப் போனது. இரண்டு மாதமாகப் புள்ளி, 'மாமா ஆபீஸ்ல வெப்சைட்டு வேலை' என்று அவரோடு கிளம்பிப் போனது. நேற்றுக்கூட அவர் முகத்தைப் பார்த்து, 'ஏங்க, கிடைச்சிடுவாளா?' என்று கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அக்கா" என்று கியர் தோளைத் தொட்டாள்.

மூத்தவள் போனை நீட்டினாள். திரையில் நின்ற ஒற்றைச் செ-வைப் பார்த்ததும் ஒற்றுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் போனை வாங்கினார். ஐந்து நாள் செய்திகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார், பிழை திருத்துகிறவர் படிக்கிற மாதிரி, விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டு.

"அம்மா, இவரு உங்ககிட்ட ஒரு பொய்கூட எழுதல" என்றார் கடைசியில்.

"என்ன சார் சொல்றீங்க?"

"ஆஸ்பத்திரியில தேடறேன்னு எங்கயும் இல்ல. ஆஸ்பத்திரியில உள்ளேன்னுதான் இருக்கு. முதல் நாள், மூன்றாம் மாடியில் உள்ளேன். ரெண்டாம் நாளும் மூன்றாம் மாடி. நேத்தும். இன்னிக்கும்."

"ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரி எல்லாம் மூணாம் மாடியிலயா இருக்கு?" என்றாள் கியர்.

மூத்தவள் அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அந்த மூன்றாம் மாடி அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு புள்ளியைக் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

"நரம்பு ஆஸ்பத்திரி" என்றாள். "ஆபரேஷன் பண்ணினா வலிப்பு நிக்க வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. மண்டையைத் திறக்கணும்னாரு. நான் ஃபைலை வாங்கிட்டு வந்து பரண்ல போட்டுட்டேன். எங்கப்பா ஒரு சாதாரண ஆபரேஷனுக்குச் சிரிச்சுட்டே உள்ள போனாரு சார். எனக்கு அப்ப பத்தொம்பது, அவளுக்குப் பத்து. அதுக்கப்புறம் அவளை நான்தான்..."

கியர் ஏற்கெனவே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வழியெல்லாம் கியர் வாயைத் திறக்கவில்லை. அவள் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் ஒற்று அப்படி ஒரு பயணத்தைக் கண்டதில்லை என்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் மாடி நடைபாதையின் கோடியில், பெஞ்சில், மடியில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். ஓடவில்லை, திகைக்கவுமில்லை. ஐந்து நாளாகச் சுமந்த மூட்டையை இறக்கிவைக்க ஆள் வந்தது போல நின்றார்.

"உயிரோட இருக்காளா?" என்றாள்.

"இருக்கா. உள்ளதான் இருக்கா. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆபரேஷன்."

அவள் அவருடைய மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். ஒரு முறை, இரண்டு முறை. அவர் தடுக்கவில்லை.

"மாத்திரையைக்கூட எடுக்காம கூட்டிட்டு வந்திருக்கீங்களே. நான் அதைப் பார்த்துப் பார்த்துச் செத்துட்டிருந்தேன்."

"நிறுத்தச் சொன்னாங்க. வலிப்பு எந்த இடத்துலேருந்து கிளம்புதுன்னு பார்க்கணுமாம். மருந்தைக் குறைச்சு, தலை முழுக்க வயரை மாட்டி, ராத்திரி பகலா படம் பிடிச்சாங்க. முதல் ராத்திரியே மூணு தடவை வந்துடுச்சு. காலையில அவளால கையைத் தூக்க முடியல. அக்கா பயந்துருப்பா, நல்லா இருக்கேன்னு எழுதிப் போடுங்க மாமான்னு பாஸ்வேர்டு சொன்னா. எனக்கு எழுதத் தெரிஞ்ச மாதிரி எழுதினேன்." அவர் தரையைப் பார்த்தார். "அது உன்னை அப்படிப் பயமுறுத்தும்னு நினைக்கல. தினமும் சொல்லிடலாம்னு வீட்டுக்கு வருவேன். உங்கிட்ட சொல்லமாட்டேன்னு தன் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கா."

ஒற்றுவும் கியரும் படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டார்கள். கியர் கையில் இன்னும் அந்த ஒற்றைச் செருப்பு இருந்தது. அப்போதுதான் மூத்தவள் தன் வலது கால் வெறுங்காலாக இருப்பதை உணர்ந்தாள். இன்னொன்றையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

புள்ளி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பசை காய்ந்து வெள்ளைத் திட்டுகளாக இருந்தது. உதடு ஓரத்தில் பல்பட்ட காயம்.

"வந்துட்டியா" என்றாள். "முதல்ல திட்டி முடிச்சுடு. ஏழு மணிக்கு மேல உள்ள விடமாட்டாங்க."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"ரெண்டு வருஷமா கேட்டேன்க்கா."

மூத்தவள் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கேட்டா நீ அழுவே. நீ அழுதா நான் வேண்டாம்னு சொல்லிடுவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆச்சு. அதான் இந்தத் தடவை கேக்கல."

"அப்பா மாதிரி ஆயிட்டா?"

"ஆகலாம். டாக்டர் மறைக்காமதான் சொன்னாரு." புள்ளி போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "இப்படியே இருந்தாலும் ஒரு நாள் ஆகலாம்க்கா. முப்பத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு நாள்கூட பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக் குளிச்சதில்ல நான். நீ வெளிய நின்னு, 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுட்டே இருப்ப. நான் 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிட்டே குளிப்பேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா தாழ் போட்டுக்கணும்க்கா எனக்கு."

மூத்தவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுகை தாடைவரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

நர்ஸ் தட்டோடு உள்ளே வந்தார். தட்டில் முடி எடுக்கும் மெஷினும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தன.

"வலது பக்கம், காதுக்கு மேல மட்டும் எடுக்கணும்" என்றார். "கூட இருக்கறவங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"ஒரு பக்கம் மட்டும் எடுத்தா லேஅவுட் கெட்டுடும் சிஸ்டர்" என்றாள் புள்ளி. "முழுசா எடுத்துடுங்க." சொன்னவள் தன்னையறியாமல் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டாள். இடுப்பைத் தொடும் பின்னல். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் அதைப் போட்டுவிட்டவள் மூத்தவள்.

மூத்தவள் எழுந்தாள். வெளியே போகப்போகிறாள் என்று நினைத்து நர்ஸ் வழிவிட்டார்.

"இப்படிக் குடுங்க" என்றாள் மூத்தவள்.

"நாங்கதாம்மா செய்யணும்."

"நீங்க பக்கத்துல நின்னு எப்படின்னு சொல்லுங்க. தப்பாப் போனா வாங்கிக்கங்க."

நர்ஸ் புள்ளியைப் பார்த்தார். புள்ளி தலையசைத்தாள். மெஷின் கை மாறியது.

மூத்தவள் வெள்ளைத் துணியை உதறித் தங்கையின் தோளைச் சுற்றிக் கட்டினாள். பின்னலை அவிழ்த்து, விரலால் கோதிச் சிக்கெடுத்தாள். பிறகு இடது உள்ளங்கையை அந்த நெற்றியில் அழுத்தி வைத்தாள். பட்டனைத் தள்ளியதும் மெஷின் உறுமியது.

"குனி" என்றாள்.